மறு உத்தரவு வரும் வரை

கடிதத்தின் அடியில் மங்கையர்க்கரசியின் பெயரை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். பட்டம், பதவி, துறை எல்லாம் தப்பில்லாமல் இருந்தது. அதற்கு மேலே கையெழுத்துக்கான இடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. தேரிக்காட்டை அழிக்கப் போகிறார்கள் என்பது ஒரு மாதமாகத் தெரிந்த சேதிதான். அதற்கு அவள் கையாலேயே ஒப்புதல் வாங்கப் பார்க்கிறார்கள் என்பது இந்தத் திங்கட்கிழமை காலையில்தான் தெரிந்தது.

துணைவேந்தர் ஆதிமூலம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். ஒரு மாதச் சோதனை முடிந்துவிட்டது, தொண்ணூற்றேழு வந்திருக்கிறது, நாட்டிலேயே இதுதான் அதிகம், உங்களால் பல்கலைக்கழகத்துக்கே பெருமை என்று சொல்லிக்கொண்டே போனார். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று மங்கைக்கே நிச்சயமில்லை.

இணைப்படிச் சட்டம் வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. சட்டம் சொல்வது இவ்வளவுதான். ஓர் இயற்கையான இடத்தை மரம் மரமாக, குருவி குருவியாகக் கணினிக்குள் ஓர் இணைப்படியாக, அச்சு அசல் நகலாக எடுத்து ஓடவிட வேண்டும். அந்தப் படி நிஜ இடத்தோடு ஒரு மாதம் முழுக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் அந்த இடம் 'பாதுகாக்கப்பட்டது' என்று அர்த்தம். பாதுகாத்தாகிவிட்டதல்லவா, இனிமேல் மண்ணை வெட்டலாம், மட்டமாக்கலாம், மேலே கட்டலாம். இதை எழுதிய புண்ணியவான்கள் எந்த அறையில் உட்கார்ந்து யோசித்தார்களோ, அந்த அறைக்கு ஜன்னல் இருந்திருக்காது.

"மேடம், நீங்க இந்தக் காட்டைக் காப்பாத்திட்டீங்க. இணைப்படியில அப்படியே இருக்கே. நாளைக்கு என் பேரப்பிள்ள கண்ணாடியப் போட்டுக்கிட்டு அதுக்குள்ள நடப்பான். முள்ளு கூடக் குத்தாது," என்றார் ஆதிமூலம்.

"எங்க வீட்டு ஹால்ல என் வீட்டுக்காரர் போட்டோ ஒண்ணு மாட்டியிருக்கு சார். நல்லாவே விழுந்திருக்கு. அதுக்காக அவரைக் கொண்டுபோய் எரிச்சிரலாமா?"

அவர் அதற்கும் சிரித்தார். அதுதான் அவரிடம் உள்ள கெட்ட குணம், எதைச் சொன்னாலும் உறைக்காது. வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து குழு வருகிறது, அதற்குள் கையெழுத்து வேண்டும், அவளுக்கு மனமில்லை என்றால் தரவுப் பொறுப்பாளர் என்ற முறையில் ரெமிஜியுஸ் போட்டாலும் செல்லும் என்று தணிந்த குரலில் சொன்னார். ரெமிஜியுஸ் அவளிடம் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கியவன். மங்கை கடிதத்தை மடிக்காமல் கசக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

தென்கரைப் பல்கலைக்கழகம் தூத்துக்குடிக்குத் தெற்கே, செம்மணல் தேரியின் மேல் இருந்தது. வளாகத்தில் பாதி கட்டடங்கள், பாதி காடு. காடு என்றால் வெளியூர்க்காரர்கள் நினைக்கிற பச்சைப் பசேல் காடு இல்லை. குடை விரித்த மாதிரி நிற்கும் உடை மரங்கள், பனை, சூரைப் புதர், காரைச் செடி, நடுவில் மழைக்கு மட்டும் நிறைகிற ஒரு தாழ்ந்த குளம். நில ஆவணத்தில் அதற்குத் தரிசு என்று பெயர். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் யாரோ ஒருவர், அங்கே முள்ளைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மங்கை ஆரம்பித்தாள். தீப்பெட்டி அளவில் நானூற்றுப் பன்னிரண்டு கருவிகளை மரங்களிலும் மணலிலும் பதித்தாள். மரத்துக்குள் தண்ணீர் ஏறுவது, மண்ணின் ஈரம், பறவைச் சத்தம் எல்லாவற்றையும் அவை கேட்டுச் சொல்லும். அதனால் அவற்றுக்குச் செவி என்று பெயர் வைத்தாள். அவை சொல்வதை வைத்து, சட்டம் வருவதற்கு முன்பே, கணினியில் இந்த இணைப்படியையும் ஓடவிட்டாள். எண்பத்து நாலு வகைப் பறவை, இருநூற்றுப் பதினோரு வகைச் செடி என்று வந்தபோது அப்படிக் கேட்டவன் மூஞ்சியில் அடித்த மாதிரி அவள் சந்தோஷப்பட்டாள். அளந்து எழுதி வைத்துவிட்டால் பிறகு ஒருத்தனும் கைவைக்க முடியாது என்று மனதார நம்பினாள். அளந்ததனாலேயே கைவைப்பார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது.

ஆய்வகத்துக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இணைப்படி விரிந்தது. செம்மணல், காற்று, ஆள்காட்டிக் குருவியின் கத்தல். எண் 231, அவள் முதல் செவியைப் பதித்த பெரிய உடை மரம், வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் குலுங்கியது. இதைக் காட்டித்தானே அதை வெட்டப் போகிறார்கள். கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, களப்பணியாளர் பலவேசத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, 231-ஐப் பாக்கணும். வாங்க."

பலவேசம் தயங்கினார். வெயில் தாழ்ந்த பிறகு போகலாமே என்றார். காலில் சரியான செருப்பு இல்லையே என்றார். இருபது வருடமாகத் தேரியில் நடக்கிற ஆள், இப்படிச் சாக்குச் சொல்லிக் கேட்டதே இல்லை. மங்கை பதில் சொல்லாமல் முன்னால் நடந்தாள். காட்டுக்குள் அவள் கால் வைத்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. முதலில் முழங்கால் வலி என்று விட்டாள். பிறகு புல முதன்மையர் பதவி, கூட்டம், கோப்பு. மாணவர்களும் போவதில்லை. ஆள் நடமாட்டம் அளவீட்டைக் கெடுக்கும் என்று விதி போட்டு, வகுப்பெல்லாம் கண்ணாடி வழியாகவே நடந்தது. அந்த விதியைப் போட்டதும் அவள்தான்.

231 அங்கே இல்லை.

இருந்தது, ஆனால் படுத்துக் கிடந்தது. வேர் வானத்தைப் பார்க்க, அடிமரம் உள்ளே பொக்கையாகி, பட்டையெல்லாம் கறையான் மண். ஒரு இலை இல்லை, பூவுக்கு எங்கே போவது. செவி இருந்த இடத்தில் ஒரு மண் உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. மங்கை அதை நகத்தால் கீறினாள். உள்ளே கருவியின் ஓடு மட்டும் இருந்தது, கம்பியெல்லாம் காலி.

"இது போன ஐப்பசிக் காத்துல விழுந்துட்டு மேடம்," என்றார் பலவேசம், மணலைப் பார்த்துக்கொண்டு.

"ஏன் சொல்லல?"

"மொதல்ல எல்லாத்துக்கும் படிவம் எழுதிக் குடுத்தேம்லா. செவி செத்தா என் பேர்ல கோளாறுன்னு ஒரு குறிப்பு ஏறுது. பத்து ஏறுனா அடுத்த வருசம் வேலை கெடையாதுன்னு ஆபீஸ்ல சொன்னாவ. ரெமி சாரு, நீங்க எழுதாண்டாம் அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்னாவ. அதோட விட்டுட்டேன்."

எத்தனை செவி செத்தது என்று அவள் கேட்டாள். எண்ணவில்லை, எண்ணப் பயமாக இருந்தது என்றார். மங்கைக்கு அவரைக் கடித்துக் குதற வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த ஆளின் முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் காட்டுக்குள் இன்னும் நடந்தார்கள். செத்த செவிகள் வழியெல்லாம் இருந்தன. இணைப்படியில் இல்லாத வேறு சிலவும் இருந்தன. 231 விழுந்து திறந்த வெயிலில் சூரையும் ஆவாரையும் முட்டி முளைத்திருந்தன. குளத்தின் கரை கிழக்கே நகர்ந்திருந்தது. ஒரு கறையான் புற்றின் அடியில் புத்தம் புதிய வளை ஒன்று. பலவேசம் குனிந்து மண்ணை முகர்ந்து, அழுங்கு தோண்டியது, ராத்திரி வந்து போயிருக்கிறது என்றார். எறும்பும் கறையானும் தின்னும் அந்தச் செதில் பிராணியைத் தேரியில் யாரும் பார்த்ததாகப் பதிவே இல்லை. இணைப்படியில் அழுங்கே கிடையாது. காடு தன் பாட்டுக்கு வேறு என்னவோ ஆகிக்கொண்டிருந்தது, கணினி தன் பாட்டுக்குப் பழைய காட்டையே பூக்கவைத்துக்கொண்டிருந்தது.

ரெமிஜியுஸை ஆய்வகத்தில் பிடித்தாள். மணப்பாட்டுக்காரன், முப்பத்து நாலு வயது, அவளிடம் ஒன்பது வருடமாக இருக்கிறான். அவன் டாக்டர் பட்டம் வாங்கியபோது அவன் அம்மா தெருமுனையில் ஆளுயரத்துக்குப் பேனர் வைத்து, அதில் மங்கையின் படத்தையும் மூலையில் போட்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, உயிரோடு எத்தனை இருக்கிறது என்று ஒரே கேள்வி கேட்டாள். அவன் பொய் சொல்ல முயலவில்லை. அறுபத்தேழு என்றான்.

"நானூத்திப் பன்னண்டுல அறுபத்தேழா? அப்புறம் தொண்ணூத்தேழு எங்கேர்ந்து வந்துச்சு?"

"செத்த செவிக்கு ஒரு எண் வேணும்ல மேடம். இல்லன்னா இணைப்படி ஓடாது, நின்னுரும். அதனால, இந்த எடத்துல இந்நேரம் என்ன இருக்கும்னு இணைப்படிகிட்டயே கேட்டு, அதையே அந்தச் செவி சொன்ன மாதிரி எழுதிக்கும். இட்டு நிரப்பறது."

"சோதனையில எதை எதோட ஒப்பிட்டாங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. முந்நூற்று நாற்பத்தைந்து இடத்தில் இணைப்படி தன் விடைத்தாளைத் தானே திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த அறுபத்தேழை மட்டும் தனியாக ஒப்பிட்டால் எண்பத்தொன்று. எண்பத்தொன்று வாங்கினால் இந்தச் சட்டத்தில் தோல்வி.

மங்கை கத்தினாள். ஒன்பது வருடத்தில் அவனிடம் பேசாத பேச்செல்லாம் பேசினாள். திருடன் என்றாள், என் முதுகில் குத்திவிட்டாயே என்றாள், உனக்குப் பட்டம் கொடுத்த கையை வெட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, திரையில் ஒரு பழைய கடிதத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான்.

ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. முதல் பெருமழையில் பதினெட்டுச் செவிகள் நனைந்து நின்றுபோன வாரம். மறுநாள் ஆய்வறிக்கை போக வேண்டியிருந்தது, அவசரம். 'மேற்கண்ட கருவிகள் சரிசெய்யப்படும் வரையிலான இரண்டு நாட்களுக்கு விடுபட்ட அளவீடுகளை இணைப்படியின் கணிப்பைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம். இம்முறை மறு உத்தரவு வரும் வரை தொடரலாம்.' கீழே அவள் கையெழுத்து, சுழித்து, நிதானமாக.

"ரெண்டு நாளைக்குன்னுதான் எழுதியிருக்கேன்," என்றாள்.

"அடுத்த வரியும் எழுதியிருக்கீங்க மேடம். மறு உத்தரவு நீங்க போடவே இல்ல. நிறுத்துங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. ஒவ்வொரு வருஷமும் அம்பது, அறுபதுன்னு செத்துக்கிட்டே வந்துச்சு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அப்புறம் தெரியாதுன்னு தெரிஞ்சப்போ, என் தீசிஸ் முடிஞ்சிருந்துச்சு."

அலுவலகக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாருடைய கையும் கடைசி வரியில் தானாக அந்த நான்கு வார்த்தையை எழுதிவிடும். யாரும் யோசித்து எழுதுவதில்லை, யாரும் படித்தும் பார்ப்பதில்லை. இந்த நாட்டில் எத்தனை தற்காலிக ஏற்பாடுகள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு முப்பது வருடம் ஓடுகின்றன. மங்கை நாற்காலியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். இதுவரை துணைவேந்தர் மேல், பலவேசத்தின் மேல், இவன் மேல் என்று பாய்ந்துகொண்டிருந்த கோபம் திரும்பி வந்து அவள் மேலேயே ஏறி உட்கார்ந்தது. அது மற்றதையெல்லாம்விடக் கனமாக இருந்தது.

ரெமி கெஞ்சினான். கையெழுத்துப் போட வேண்டாம், நானும் போட மாட்டேன், சேர்ந்து சண்டை போடலாம், ஊர்வலம் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் இதை மட்டும் வெளியே சொல்லாதீர்கள் என்றான். ஏழு வருடத்துக் கட்டுரைகள், மூன்று பேர் பட்டம், எல்லாம் இதன் மேல் நிற்கிறது என்றான். கோர்ட்டில் தொண்ணூற்றேழைக் காட்டினால் வழக்கு அரை மணி நேரம் நிற்குமா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

"அப்போ நான் மேடம்?" என்று கடைசியாகக் கேட்டான்.

அவள் அவனைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனாள்.

அடுத்த மூன்று நாளும் பலவேசமும் அவளும் தேரியில் கிடந்தார்கள். முழங்காலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, செத்த செவிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாக்கில் போட்டார்கள். இருநூற்றுத் தொண்ணூறு கிடைத்தது, மிச்சத்தை மணல் விழுங்கியிருந்தது. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தபோதுதான் அவள் கவனித்தாள், பலவேசத்துக்கு எந்த மரம் எப்போது பூத்தது, எது நோய்ப்பட்டது என்பதெல்லாம் தெரிந்திருந்தது. ஏழு வருடத்தில் அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவளும்தான்.

வெள்ளிக்கிழமை ஆட்சிக்குழுக் கூடத்தில் விசாரணை. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, வெள்ளைச் சேலையில், யாரையும் பார்த்துச் சிரிக்காத அம்மாள். ஆதிமூலம் எழுந்து தொண்ணூற்றேழை மூன்று தரம் சொன்னார். காட்டை அழித்த இடத்தில் கட்டப் போகிற புத்தாக்க நகரத்தின் படத்தைச் சுவர் அகலத்துக்குக் காட்டினார். அதில் வரிசையாக நட்ட அலங்காரப் பனைகளைப் பார்த்து மங்கைக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. நிற்கிற பனையை வெட்டிவிட்டு அங்கேயே பனை நடுகிற மூளை எல்லாருக்கும் வாய்க்காது.

அவள் முறை வந்தது. பலவேசத்தைப் பார்த்தாள். அவர் சாக்கைத் தூக்கி வந்து நீள மேசையில் கவிழ்த்தார். மண் உருண்டைகளும் ஓட்டைக் கருவிகளும் செம்மணலோடு வெள்ளை விரிப்பில் கொட்டி, இரண்டு உருண்டைகள் உருண்டு போய் நீதிபதியின் தண்ணீர்க் கோப்பையில் முட்டி நின்றன.

எல்லாவற்றையும் சொன்னாள். செத்த மரம் கணினியில் பூப்பதை, வந்த அழுங்கு கணினியில் இல்லாததை, தன் தாளைத் தானே திருத்திக்கொண்ட கணக்கை. ஆதிமூலம் குறுக்கே எழுந்து, இது சிறிய தொழில்நுட்பக் குறைபாடு, ஒரு பேராசிரியர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறார் என்றார். நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டு, இட்டு நிரப்பச் சொல்லி உத்தரவு போட்டது யார் என்று கேட்டார். ரெமி கூடத்தின் கடைசி வரிசையில் எழுந்திருக்கப் போனான்.

"நான்தான்," என்றாள் மங்கை. "கையெழுத்து என்னோடது. அந்தப் பையன் என் உத்தரவைத்தான் செஞ்சான். இந்த இணைப்படி பொய் அம்மா. ஏழு வருஷமா நான் எழுதினது அத்தனையும் பொய். இதை நம்பி ஒரு குச்சியைக்கூட வெட்டக் கூடாது."

இத்தனை வருடம் பேர் சொல்லும்படி கட்டியதைத் தன் கையாலேயே இடித்துத் தள்ள வைத்துவிட்டார்களே என்கிற ஆத்திரம் ஒவ்வொரு வார்த்தையிலும் இருந்தது.

சாயங்காலத்துக்குள் தீர்ப்பு வந்தது. இந்த இணைப்படி செல்லாது. இதை வைத்து எழுதிய கட்டுரைகளும் பட்டங்களும் ரத்து. பேராசிரியர் மங்கையர்க்கரசி மேல் துறை விசாரணை, அதுவரை பணியிடை நீக்கம். நிஜத்தோடு தொண்ணூற்றைந்துக்கு ஒத்துப்போகிற புதிய இணைப்படி வரும் வரை தேரி நிலத்தைத் தொடக் கூடாது. புதிய அளவீடுகளில் ஓர் எண்ணைக்கூட இட்டு நிரப்பக் கூடாது, அதைப் பார்க்க வெளியிலிருந்து ஆள் வரும்.

பலவேசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்துவிட்டோம் மேடம் என்றார். மங்கையும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தாள். கூடத்தை விட்டு வெளியே வரும்போது ஆதிமூலம் அவளிடம் வந்து, அதே சிரிப்போடு, கறையான் அரிக்காத செவிகள் இப்போது வந்துவிட்டன, ஐயாயிரம் வாங்கச் சொல்லியிருக்கிறேன், ஒரு வருடத்தில் உண்மையான தொண்ணூற்றைந்தே வந்துவிடும், தப்பைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்றார். அவள் படியிலேயே நின்றுவிட்டாள். மானத்தை விற்று, பேரை விற்று, அவள் வாங்கியது மொத்தம் ஒரு வருடம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெமி வீட்டுக்கு வந்தான். அவள் வாசலிலேயே நிறுத்தினாள். உட்காரச் சொல்லவில்லை. புதிய இணைப்படியை நடத்தப் போவது யார் என்பது சனிக்கிழமையே அவள் காதுக்கு வந்திருந்தது. அந்தக் கணினியின் உள்விவகாரம் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். வேலை தொடரும், தொண்ணூற்றைந்து கொண்டுவந்தால் புதிய ஆய்வாக ஏற்றுப் பட்டத்தையும் திருப்பித் தருகிறோம் என்று ஆதிமூலம் ஆசை காட்டியிருந்தார். மணப்பாட்டில் அவன் அம்மா பேனரைத் தானே கழற்றி மடித்து வைத்திருக்கிறாளாம்.

"ஒத்துக்கிட்டியாமே," என்றாள். "நல்லது. வெட்டுற கோடரிய இந்தத் தடவ நல்லாத் தீட்டிக் குடு. எங்கிட்ட எதுக்கு வந்த?"

உள்ளேயிருந்து அவள் கணவர் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து, ஒன்றை அவன் கையில் கொடுத்து, உள்ளே வந்து உட்காருப்பா என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் விரட்ட முடியவில்லை. அவன் உட்கார்ந்தான்.

"செவி ஐயாயிரம் வருது மேடம். எல்லாம் நிஜத்தைத்தான் சொல்லும். ஒரு எண்ணைக்கூட நான் தொட மாட்டேன், ஆடிட்டுக்கு யார் வேணா வரட்டும்," என்றான். "ஆனா அந்த எண்ணையெல்லாம் படிச்சுக் கத்துக்கிறது இணைப்படிதான. அதுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறது நான். கறையான் பாடத்தை மட்டும் நான் அதுக்குச் சொல்லிக் குடுக்கப் போறதில்ல. எந்த மரம் உள்ளுக்குள்ள பொக்கையாவுது, எப்போ விழும், விழுந்த எடத்துல என்ன மொளைக்கும், ஒண்ணும் அதுக்குப் புரியாது. இணைப்படி மக்கா இருக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல."

மங்கை டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு வரும்?"

"தொண்ணூத்தி நாலு. அதுலயே நிறுத்தி வச்சிருப்பேன். தொண்ணூத்தஞ்சைத் தொடவே தொடாது."

"உன் பட்டம்?"

"அது போனது போனதுதான் மேடம்." அதைச் சொல்லும்போது அவன் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இனிமே வராதுன்னு அம்மாகிட்ட மட்டும் இன்னும் சொல்லல."

வெள்ளிக்கிழமை அத்தனை பேர் முன்னால் பொய், பொய் என்று கத்தியவள், ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் காடு ஒரு வருடம் பிழைக்கும், ஒரு கணினியை முட்டாளாக வளர்த்தால் அதைவிட அதிகம் பிழைக்கும் என்கிற நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்களை நினைத்தால் கோபம் வெட்கத்தைவிடப் பெரிதாக வந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். இவனைத்தான் திங்கட்கிழமை திருடன் என்றாள்.

"தொண்ணூத்தி நாலு கூடாது," என்றாள் கடைசியில்.

அவன் முகம் விழுந்துவிட்டது.

"முப்பது வருஷமாப் பேப்பர் திருத்துறேன் ரெமி. தொண்ணூத்தி நாலுன்னா ஒரு மார்க் கருணை மதிப்பெண் போட்டுப் பாஸாக்கிருவானுங்க. எண்பத்தெட்டுல ஆரம்பி."

"எண்பத்தெட்டுன்னா என்னைத் தூக்கிருவாங்க மேடம்."

"வருஷத்துக்கு அரை மார்க் ஏத்திக் காட்டு. முன்னேற்றம் இருக்குன்னா எவனும் தூக்க மாட்டான்."

அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். "பதினாலு வருஷத்துல தொண்ணூத்தஞ்சு வந்துரும்."

"வரட்டும்," என்று மங்கை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அதுக்குள்ள அந்தச் சட்டத்தை ஒழிச்சுக் கட்டுறது என் வேலை. நீ காப்பியக் குடி, ஆறுது."